வயலில் மூச்சு வாங்கினால் 74, குளக்கரையில் பேசிக்கொண்டு நடந்தால் 116: கோளாறு வாட்ச்சிலா, என்னிடமா?

கமலாலயக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஊர் திருவாரூர், வயது 54. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து காலையில் கமலாலயத்தின் நாலு கரையையும் மூன்று சுற்று வருகிறேன். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்களே, அந்த ஐந்து வேலி எவ்வளவு என்று மூன்றாவது சுற்றில்தான் தெரியும்.

மகன் ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தான். விலை குறைந்த ரகம். நேரம், காலடிக் கணக்கு, இதயத் துடிப்பு, அவ்வளவுதான். பின்பக்கம் பச்சை விளக்கு மினுக்கும். 220இலிருந்து வயதைக் கழித்தால் 166, அதுதான் என் வயதுக்கு அதிகபட்சத் துடிப்பாம், அதில் 60 முதல் 70 சதவீதம் என்று கணக்குப் போட்டு, 100க்குக் கீழே போனாலும் 116க்கு மேலே போனாலும் அதிரும்படி அவனே வைத்துவிட்டான்.

பிரச்சினை இதுதான். நடக்க ஆரம்பித்த இரண்டு நிமிடத்தில் 114, 116, 118 என்று போய் நிற்கிறது. அடிக்கடி கையில் அதிர்வு. ஆனால் எனக்கு மூச்சே வாங்கவில்லை. கூட வரும் நண்பரோடு ஊர்க்கதை முழுக்கப் பேசிக்கொண்டுதான் நடக்கிறேன். டீக்கடையில் நின்றால், கிளாஸ் கைக்கு வருவதற்குள் 80க்கு வந்துவிடுகிறது.

போன வாரம் வயலில் குறுவைக்கு அண்டை வெட்டினேன், அதாவது மண்வெட்டியால் வரப்போரத்தைச் செதுக்கினேன். சட்டை பிழியும் அளவுக்கு வேர்வை, பேச முடியாத அளவுக்கு மூச்சு. வாட்ச்சைப் பார்த்தால் 74! ஒரு தடவை எண்ணே இல்லை, வெறும் கோடு.

வாங்கின கடையில் கேட்டேன். "வாட்ச் நல்லாத்தான் சார் இருக்கு, எதுக்கும் ஹார்ட்டைக் காட்டிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடமுருட்டி

அண்ணே, இந்த விலை வாட்ச் எல்லாம் பொம்மை. தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக நடங்க.

ஓடம்போக்கி

தூக்கிப் போட வேண்டாம் சார், அவசரப்படாதீர்கள். நாலு கேள்வி. எந்தக் கையில் கட்டுகிறீர்கள்? மணிக்கட்டு எலும்பின் மேலேயேவா, அதைத் தாண்டி முழங்கைப் பக்கமா? பட்டைக்கும் தோலுக்கும் நடுவே விரல் நுழைகிறதா? வாட்ச்சின் பின்பக்கக் கண்ணாடியைக் கடைசியாக எப்போது துடைத்தீர்கள்?

இன்னொன்று. நாளைக்கு நடக்கும்போது 30 விநாடிக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். அந்த நேரத்தில் வாட்ச் காட்டும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். நண்பரைக் கொஞ்ச நேரம் பேசாமல் வரச் சொல்லுங்கள்.

கமலாலயக்கரை

எண்ணினேன். 30 விநாடியில் 58 அடி. இரண்டால் பெருக்கினால் 116. வாட்ச்சில் 116! மேல்கரையில் அப்படியே நின்றுவிட்டேன். அப்புறம் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். 49 அடி, வாட்ச்சில் 99.

கட்டுவது வலக்கையில், எலும்பின் மேலேயே. இறுக்கினால் அரிக்கிறது என்று தளர்வாகத்தான் விடுவேன், ஒரு விரல் தாராளமாகப் போகும்.

ஓடம்போக்கி

அவ்வளவுதான் சார். உங்கள் வாட்ச் இதயத்தை எண்ணவில்லை, காலை எண்ணிக்கொண்டிருக்கிறது.

பச்சை வெளிச்சத்தை ரத்தம் நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கொஞ்சம் கூடி வடியும்போது, திரும்பி வரும் வெளிச்சம் குறைந்து கூடும். அந்த அலையைத்தான் வாட்ச் எண்ணுகிறது. மிகச் சிறிய அலை அது. தளர்வாகக் கட்டி கையை வீசி நடந்தால், ஒவ்வொரு அடிக்கும் வாட்ச் குலுங்கும், இடுக்கு வழியாக வெளி வெளிச்சமும் புகும். அந்த அலை பெரிது, தாளம் தப்பாமல் வருவது. வாட்ச் அதைத் துடிப்பு என்று பிடித்துக்கொள்கிறது. நீங்கள் நின்றதும் தாளம் போய்விடும், அதனால்தான் டீ வருவதற்குள் 80.

வயலில் நிகழ்வது வேறு. மண்வெட்டியை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்குகிறது, நரம்பு புடைத்து வாட்ச் தோலை விட்டு எழும்புகிறது. அலையே சரியாகக் கிடைக்காதபோது வருவதுதான் அந்த 74ம் கோடும். அதை நம்பி இன்னும் வேகமாக வெட்டாமல் இருந்தீர்களே, நல்லதாயிற்று.

எலும்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். நடந்து முடித்ததும் தளர்த்திக்கொள்ளலாம்.

செவிலி அக்கா, மயிலாடுதுறை

கட்டிப் பார்த்ததோடு விடாதீர்கள், கையாலும் நாடி பாருங்கள். நின்ற உடனே, மற்ற கையின் கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து 15 விநாடி எண்ணி, நாலால் பெருக்குங்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதற்கே துடிப்பு உண்டு, குழப்பிவிடும். தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும், அதனால் நின்றதும் எண்ணத் தொடங்குங்கள்.

புது ஆறு ஓட்டக்காரன்

தஞ்சாவூரில் ஆற்றங்கரையில் ஓடுபவன் நான். நெஞ்சில் கட்டும் பட்டை வைத்திருக்கிறேன். அது வெளிச்சத்தை நம்புவதில்லை, இதயத்தின் மின்துடிப்பையே நேராக வாங்குகிறது. கை வீசினாலும் மண்வெட்டி பிடித்தாலும் கவலை இல்லை. ஆனால் தோலைத் தொடும் பகுதியைத் தண்ணீரில் நனைக்காமல் கட்டினால், வேர்க்கும் வரை கண்டபடி காட்டும். என்னுடையது பழைய மாடல், உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே போனால் எண் துள்ளும். வேர்வை உப்பை அலசாமல் விட்டு ஒரு பட்டையைப் பாழாக்கியும் இருக்கிறேன். எல்லா வாட்ச்சோடும் சேராது, வாங்குமுன் பார்க்க வேண்டும். நடைக்கு இது தேவையில்லை என்பது என் எண்ணம்.

கமலாலயக்கரை

எல்லோருக்கும் நன்றி. வாட்ச்சைக் கழற்றிப் பார்த்தேன், வெட்கமாகிவிட்டது. குளித்துவிட்டு நெற்றி, மார்பு, மணிக்கட்டு எல்லாம் விபூதி பூசிக்கொண்டு அதன்மேலேயே வாட்ச்சைக் கட்டுவது வழக்கம். வேர்வையில் குழைந்து கண்ணாடி மேல் சுண்ணாம்பு அடித்த மாதிரி காய்ந்திருந்தது. போதாததற்கு அடியில் காசிக்கயிறு வேறு, அதன் முடிச்சு வாட்ச்சை ஒரு பக்கமாகத் தூக்கி நிறுத்தியிருக்கிறது.

ஈரத்துணியால் துடைத்தேன். இடக்கைக்கு மாற்றி, இரண்டு விரல் தள்ளிக் கட்டினேன். இன்று வேகமாக ஒரு சுற்று போய் நின்று நாடி பார்த்தேன்: 15 விநாடியில் 23, அதாவது 92. வாட்ச்சில் 94.

சரி, தீர்ந்தது என்று பார்த்தால், இப்போது 100க்குக் கீழே என்று அதிர்கிறது! கொஞ்சம் வியர்க்கிறது, மூச்சும் சற்று ஏறுகிறது, எண் மட்டும் 100ஐத் தொட மாட்டேன் என்கிறது. ஓட வேண்டுமா?

செவிலி அக்கா, மயிலாடுதுறை

ஓடாதீர்கள். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பெயர் என்ன?

கமலாலயக்கரை

ஆமாம், இரண்டு வருஷமாக. அட்டையில் மெட்டோப்ரோலால் என்று போட்டிருக்கிறது.

செவிலி அக்கா, மயிலாடுதுறை

அப்படி நினைத்துத்தான் கேட்டேன். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை அது. இதயத் துடிப்பை அதிகம் ஏறவிடாமல் பிடித்து வைப்பதே அதன் வேலை. சாப்பிடுகிறவருக்கு 220 கழித்தல் வயது என்ற கணக்குப் பொருந்தாது. மாத்திரை இல்லாதவர்களிடமே அந்தக் கணக்கு பத்துப் பன்னிரண்டு முன்னே பின்னே போகும். 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் கணக்கும் உண்டு, அதில் உங்களுக்கு 170 வரும். எதைப் போட்டாலும் மாத்திரையை அது அறியாது.

எண்ணை எட்ட வேண்டும் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. இப்போதைக்குப் பேச்சை வைத்துப் பாருங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் நடுத்தர வேகம். உங்களுக்கென்று என்ன எல்லை என்பதை டாக்டரிடம் கேளுங்கள். நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல், கை அல்லது தாடையில் வலி வந்தால் வாட்ச் என்ன காட்டினாலும் சரி, உடனே நின்று ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கமலாலயக்கரை

நேற்று டாக்டரைப் பார்த்தேன். ஈசிஜி எடுத்தார், நன்றாக இருக்கிறது என்றார். இதே வேகத்தில் நடந்தால் போதுமாம், எண்ணைத் துரத்த வேண்டாம் என்றார். மகன் அதிர்வை அணைத்துவிட்டான். அண்டை வெட்டும்போது வாட்ச் வீட்டு ஆணியில் தொங்குகிறது. நடையில் நண்பரைப் பாடச் சொல்லிச் சோதித்தேன். அவரால் பாட முடிகிறது, அதனால் அவர் இன்னும் வேகமாக நடக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மணி பார்க்க மட்டும் இன்னமும் வலக்கையைத்தான் தூக்கிப் பார்க்கிறேன்.