தைரொயிட் குளிசை, காய்ச்சல், கண்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

கல்லடி மகள்:
அம்மாவுக்கு கிரேவ்ஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட் சுரப்பியைத் தூண்டி ஹோர்மோனைக் கூட்டுகிற நோய். அதைக் குறைக்கிற கார்பிமசோல் குளிசை தொடங்கி, கைநடுக்கம் நின்று, தேத்தண்ணிக் கோப்பையைச் சிந்தாமல் பிடிக்கத் தொடங்கிய நேரம் காய்ச்சலும் தொண்டைநோவும் வந்தது. மாரிகாலம், டெங்கு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பனடோல் வாங்க பார்மசிக்குப் போனேன். அங்கே நின்ற சின்னப் பிள்ளை, "அம்மா வேற என்ன குளிசை பாவிக்கிறவ?" என்று கேட்டது. பெயரைச் சொன்னதும், எடுத்து வைத்த கார்டைத் திரும்ப லாச்சிக்குள் போட்டுவிட்டு, "அக்கா, அந்தக் குளிசையை நிப்பாட்டிப்போட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க, வெள்ளணு பார்க்கச் சொல்லுங்க" என்றது. ரிப்போர்ட்டில், கிருமியை எதிர்க்கிற நியூட்ரோபில் என்ற வெள்ளணு இல்லாத மாதிரித்தான், அந்தக் குளிசைதான் அதை விழுத்தியிருக்கிறது. என்டிபயோட்டிக் ஏற்றிக் காப்பாற்றினார்கள். கிளினிக்கில் ஒருவர்கூட இதை எங்களுக்குச் சொல்லவில்லையே என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

சம்மாந்துறை நானா:
தங்கச்சி சொன்னது உண்மை, ஆனால் இதை வாசித்துவிட்டு ஆட்கள் குளிசையையே விட்டுவிடுவார்கள், அது இன்னும் ஆபத்து. வெள்ளணு அப்படி விழுவது ஆயிரத்தில் 2 முதல் 5 பேருக்குத்தான், பெரும்பாலும் முதல் 3 மாதத்துக்குள். எனக்கும் கிரேவ்ஸ்தான், ஆனால் கண்ணைப் பிதுங்க வைத்தது. டி3, டி4 என்ற தைரொயிட் ஹோர்மோன்கள் எல்லாம் சரியாகி வந்த பிறகு, பெருநாள் தொழுகை முடிந்து முஸாபஹா செய்ய வந்த கூட்டாளி, கையைப் பிடித்தபடியே "என்ன மச்சான் முறைக்கிறா?" என்று கேட்டான். கழுத்துச் சுரப்பியில் உள்ள டி.எஸ்.எச். ரிசெப்டரை (தைரொயிட்டை வேலைசெய்ய வைக்கிற ஹோர்மோன் வந்து பிடிக்கிற இடம்) தூண்டுகிற அதே அன்டிபொடி, அதாவது எதிர்ப்புப் புரதம், கண்ணுக்குப் பின்னால் உள்ள செல்களையும் பிடிக்கிறது, அங்கேயும் அந்த ரிசெப்டர் இருக்கிறது என்று பிறகுதான் விளங்கியது. கண் டொக்டரின் முதல் கேள்வியே சிகரெட். புகை அதைக் கூட்டுமாம்.

களுவாஞ்சிகுடி ரீச்சர்:
எனக்கு ஹஷிமோட்டோ, நீங்கள் சொல்வதற்கு மறுபக்கம், தைரொயிட் ஹோர்மோன் குறைகிற நோய். சரி, யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்த ஹோர்மோன் குளிசையான தைரொக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியாவது பொறுத்துத்தான் தேத்தண்ணி. இரும்பு, கல்சியம் குளிசைகள் 4 மணித்தியாலம் தள்ளி. டோஸ் மாற்றினால் அடுத்த கிழமையே ரத்தம் எடுத்துப் பார்த்துப் பிரயோசனம் இல்லை, டி.எஸ்.எச். நிலைக்கு வர 6 கிழமையாவது வேண்டும். முடிக்கு பயோட்டின் விற்றமின் போடுகிறவர்கள் ரத்தம் எடுக்க முன்னமே அதைச் சொல்லுங்கள், ரிப்போர்ட் பிழையாக வரும். பிள்ளை தங்கினால் கிளினிக் நாள் வரைக்கும் இருக்காமல் உடனே போய்ச் சொல்லுங்கள், டோஸ் கூட்ட வேண்டிவரும்.

வாழைச்சேனை:
என் அத்தானுக்கு லண்டனில் புற்றுநோய்க்கு பிடி-1ஐத் தடுக்கிற மருந்து ஏற்றினார்கள், பிடி-1 என்பது 2018இல் நோபல் வாங்கிய ஹொன்ஜோ கண்டுபிடித்த, டி செல் என்ற வெள்ளணுவில் பிரேக் மாதிரி இருக்கிற ரிசெப்டர். டி செல்லின் பிரேக்கை எடுத்துவிட்டால் அது கட்டியையும் தாக்கும், சுரப்பியையும் தாக்கும். முதலில் படபடப்பு, பிறகு ஒரே சோர்வு. வீடியோ கோலில், ஜூலை வெயிலுக்குள் இரண்டு போர்வை மூடிக்கொண்டு கிடந்தார். டொக்டர்மார் மருந்தை நிப்பாட்டவில்லை, தைரொக்சின் சேர்த்துக் கொடுத்தார்கள். இன்னொன்று, டி செல்லிலும் கிருமியை விழுங்குகிற மக்ரோபேஜிலும் தைரொயிட் ஹோர்மோனுக்கே ரிசெப்டர் இருக்கிறது, அதை வைத்து மருந்து தேடுகிற ஆய்வும் நடக்கிறது. அதற்காக எதிர்ப்புச் சக்தி கூடும் என்று தைரொக்சினை வாங்கி விழுங்காதீர்கள், இதயத்தைக் கெடுக்கும்.

கல்லடி மகள்:
நானா, நான் விடச் சொல்லவில்லை. காய்ச்சலோடு தொண்டைநோ வந்தால் அன்றைக்கே ரத்தம் பாருங்கள் என்றுதான் சொன்னேன். அம்மாவுக்கு இனி அதே வகைக் குளிசையான பி.டி.யு.வும் கொடுக்க ஏலாது என்று, சுரப்பியின் வேலையைக் குறைக்கிற கதிர் அயடின் கொடுத்தார்கள். கண் நோய் இருந்தால் அது கூடலாம் என்று முதலில் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். உங்களுக்கும் அயடின் என்று சொன்னால், கண் டொக்டரிடம் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.