கணக்குப் பிடிக்காதவர்களுக்குப் புதிர் கேச்: படமா, குழாயா, எழுத்தா?

ஒற்றையடி:
ஜியோகேச்சிங்கில், அதாவது ஒளித்து வைத்த பெட்டியை (கேச்) ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டில், கூட்டல் பெருக்கல் இல்லாமல் புதிர் வைக்க முடியாது என்று இங்கே அடிக்கடி சொல்கிறார்கள். புதிர் கேச்சில் விடைதான் பெட்டி இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை. தாராளமாக முடியும். அறிவித்த புள்ளியிலிருந்து 3.2 கி.மீ.க்குள் பெட்டி இருக்க வேண்டும் என்பது விதி. மத்திய சென்னைப் பக்கம் என்றால் 13°, 080° இரண்டும் மாறாது. பாகைக்கு அடுத்து வரும் நிமிடத்தையும் கேச்சின் இணையப் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடலாம். மிச்சம் நிமிடத்தின் தசமத்துக்குப் பிறகு வரும் ஆறு இலக்கம்தான், ரேகைக்கு மூன்று. அதற்குச் சமன்பாடு எதற்கு? படத்தைப் பார்த்து 'கற்க கசடற' என்று கண்டுபிடித்தால் குறள் எண் 391, மூன்று இலக்கம் கிடைத்துவிடும். இரண்டு குறளுக்கு இரண்டு படம் போட்டால் வேலை முடிந்தது.

கறார்:
முடியவில்லை. படத்தைப் பார்த்து 'எப்பொருள்' வரை ஒருவர் வந்துவிட்டார் என்று வையுங்கள். அப்படித் தொடங்கும் குறள் இரண்டு: 355, 423. வித்தியாசம் 68. அட்சரேகையில் 0.001 நிமிடம் 1.85 மீட்டர், ஆக 126 மீட்டர் தள்ளி யாரோ ஒருவருடைய வேலியைக் கலைத்துக்கொண்டிருப்பார். கணக்குப் புதிரில் விடை தப்பினால் பெரும்பாலும் மூன்று இலக்கத்துக்குள் அடங்காது, இல்லையென்றால் மைனஸில் வந்து நிற்கும். தப்பு உடனே தெரியும். உங்கள் புதிரில் தப்பான விடையும் சரியானது போலவே முழிக்கும். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார வைப்பதுதான் ஆட்களை விரட்டும். அந்த விஷயத்தில் படப்புதிர் அல்ஜீப்ராவை விட மோசம்.

ஒற்றையடி:
பக்கத்தில் விடை சரியா தப்பா என்று சொல்லும் செக்கர் வைத்தால் தப்பு வீட்டிலேயே தெரிந்துவிடுமே.

கறார்:
தப்பு என்று தெரியும். எங்கே தப்பு என்று தெரியாது.

நண்டுவளை:
ரெண்டு பேரும் முதல்ல மேஜையை விட்டு எழுந்திருங்க. கைக்கு வேலை குடுக்கிற புதிர்தான் கணக்குப் பிடிக்காதவங்களுக்குச் சரி. உள்விட்டம் 50 மி.மீ. பிவிசி குழாய் 1 மீட்டர், அடியில மூடி. உள்ளே சோடா பாட்டில் ஊதுறதுக்கு முன்னாடி இருக்கிற பிரிஃபார்ம் குழல், அதுக்குள்ள லாக்புக், கண்டுபிடிச்சவங்க பேர் எழுதுற நோட்டு. தண்ணி ஊத்தினா மிதந்து மேல வரும். நிரம்ப 2 லிட்டருக்குக் கொஞ்சம் கம்மியாகவே போதும். அடியில 6 மி.மீ. ஓட்டை ரெண்டு போடுங்க, ஒரே கையால பொத்துற தூரத்துல. அதைப் பொத்தணும்னு கண்டுபிடிக்கிறதுதான் புதிர். ஓட்டை போடாம விட்டா மழைத் தண்ணி தேங்கிக் கொசு வளரும். குழல் படுத்து மிதந்தா பக்கவாட்டுல சிக்கிக்கும். அடியில ரெண்டு நட்டு போட்டு எடை குடுத்து, முதல்ல வாளியில மிதக்க விட்டுப் பாருங்க.

கறார்:
நல்ல பொறி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொது இடத்தில் தனியாக நிற்கும் பிவிசி குழாயைப் பார்த்தால் நம் ஊரில் போலீசுக்குத்தான் போன் போகும். இடத்துக்காரரின் அனுமதியும், இது என்ன என்று தமிழில் ஒரு லேபிளும் கட்டாயம். '2 லிட்டர் தண்ணீர் கொண்டு வரவும்' என்று பக்கத்தில் எழுதாவிட்டால் மே மாதத்தில் வருகிறவர் சாபம் விடுவார்.

ஒற்றையடி:
சரி, குறளை விடுகிறேன். இதைப் பாருங்கள். ஒரு வருகைப் பதிவேடு: எழிலரசி, உமா, அருள், ருக்மணி, கண்ணன், சுந்தரம். முதல் எழுத்துகள் எ, உ, அ, ரு, க, சு. தமிழ் எண்ணாகப் படித்தால் 728, 516. ஒரு கூட்டல்கூட இல்லை.

கறார்:
இது தேவலை. இதிலும் குழி உண்டு. சு என்றால் 6, ச என்றால் 4. சுந்தரத்தைச் 'ச' வரிசையில் சேர்ப்பவர் வருவார். முதல் இலக்கத்தில் அது நடந்தால் தீர்க்கரேகையில் 360 மீட்டர் போச்சு. கடைசி இலக்கத்தில் நடந்தால் 4 மீட்டர்கூட இல்லை, ஜிபிஎஸ் பிழைக்குள் அடங்கிவிடும். நீங்கள் கடைசியில்தான் வைத்திருக்கிறீர்கள், தெரிந்தோ தெரியாமலோ. 9 வேண்டாம், 'கூ'வை 'க' என்று படித்து 1 ஆக்கிவிடுவார்கள். 3க்கு 'ங'வில் தொடங்கும் பெயருக்கு எங்கே போவது? பழைய முறையில் பூஜ்யமும் கிடையாது. இந்த மூன்று இலக்கமும் வராத இடமாகப் பெட்டியை நகர்த்தி வையுங்கள். பல சமயம் சில மீட்டரில் வேலை முடியும்.

நண்டுவளை:
எல்லாம் சரி, தமிழ் எண்ணுன்னு ஒருத்தருக்கு எப்படித் தோணும்? ஆரம்பம் எங்கே?

ஒற்றையடி:
வரிசை எண்ணை ௧, ௨, ௩ என்றே போட்டால்?

நண்டுவளை:
ஆறு பேர்னா ௬ வரைக்கும்தானே வரும்? 7, 8க்கு எங்கே போறது? ஒன்பது வரி போடுங்க, கடைசி மூணு பேரு 'வரவில்லை', அவங்களைக் கணக்குல எடுக்க வேண்டாம். மொத்தச் சாவியும் அதே தாள்ல இருக்கும். படமா ஏத்துங்க, டைப் பண்ணிப் போட்டா சில போன்ல வெறும் கட்டம்தான் தெரியும்.

கறார்:
தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி மட்டும் போட்டுவிடாதீர்கள். அதை முதல் 2 என்று எடுத்துக்கொண்டு ஏழு இலக்கத்தோடு வந்து நிற்பார்கள்.