புதுப்பிப்பு: தங்கையின் பெருங்குடல் அழற்சியும் புரோபயாடிக்கும்

தங்கைக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் புண்ணோடு வரும் அழற்சி); அதற்குத் தரும் மெசலசின் மாத்திரையை விட்டுவிட்டு புரோபயாடிக் (நன்மை தரும் பாக்டீரியா) மட்டும் எடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

டாக்டரைப் பார்த்தாச்சு. மாத்திரையை நிறுத்தவே கூடாது என்றார். புரோபயாடிக் எல்லாம் ஒன்றல்ல. இந்த நோய்க்கு நன்றாகச் சோதிக்கப்பட்டவற்றில் ஒன்று ஈ.கோலை நிஸ்லே. முதல் உலகப் போரில், கூட இருந்தவர்களுக்குச் சீதபேதி வந்தும் தனக்கு வராத ஒரு ஜெர்மன் சிப்பாயின் மலத்திலிருந்து 1917-இல் ஆல்ஃபிரட் நிஸ்லே பிரித்தெடுத்த பாக்டீரியா! 2004-இல் 327 பேரிடம் நடந்த ஆய்வு வெளியானது. அடங்கிய நோய் திரும்பாமல் காப்பதில் அது மெசலசினுக்கு ஈடுகொடுத்தது. இன்னொரு குடல் அழற்சியான குரோன் நோய்க்கு அப்படி ஆதாரம் இல்லை.

நாங்கள் வாங்கிய டப்பாவில் வெறும் 'லாக்டோபேசில்லஸ்' என்றுதான் இருக்கிறது, எந்த ரகம் என்றே இல்லை. அதை ஓரம் வைத்துவிட்டோம். தயிர் வழக்கம்போல் சாப்பாட்டோடு. அடுத்து கால்புரோடெக்டின் டெஸ்ட் (குடலில் அழற்சி இருக்கிறதா என்று மலத்தில் பார்ப்பது). ரிசல்ட் வந்ததும் எழுதுகிறேன்.