மரக்கன்னுங்களுக்கு நடுவுல பல வருஷம் நிக்கிற மூடுபயிர், எது போடலாம்?

வேர்த்தடம்:
மேல்மண்ணு அரிச்சுப்போன சரிவுல கலப்பு மரக்கன்னு நட்டிருக்கேன், மழை பெஞ்சா மண்ணு ஓடிருது, வெயில் அடிச்சா இறுகி கடப்பாரைதான் இறங்குது. தக்கைப்பூண்டு, சணப்புன்னு வருஷாவருஷம் விதைச்சு மடக்கி உழ சரிவுல வழியில்ல. ரப்பர் தோட்டத்துல போடுற முக்குனா, பியூரேரியா மாதிரி பயறுவகைக் கொடி சரிப்படுமா?

பச்சைத்துண்டு:
சின்னக் கன்னு இருக்கிற எடத்துல கொடி வேணாம்ங்க. ரப்பர்ல ஆள் வச்சு மரத்தைச் சுத்தி வெட்டிக்கிட்டே இருப்பாங்க, விட்டா கன்னு மேல ஏறி வெளிச்சமே படாம மூடிரும். அமெரிக்காவுல 1930கள்ல மண்ணரிப்பைத் தடுக்கன்னு அரசாங்கமே காசு குடுத்து குட்ஸு கொடிய நட வச்சுது, இன்னிக்கு தென்கிழக்கு மாநிலங்கள்ல பெரிய மரத்தையே போர்த்திக் கொல்லுது. நிமிந்து நிக்கிற பயறுவகைச் செடிங்களான கொழுஞ்சி, முயல்மசால் பாருங்க. கொழுஞ்சி வறட்சி தாங்கும், ஆடுமாடு அவ்வளவா கடிக்காது, விதை விழுந்து தானா முளைக்கும். விதைத்தோல் கெட்டி, மணலோட சேத்து தேச்சுட்டு விதைங்க.

மண்வாசி:
கொழுஞ்சிக்கு என் ஓட்டும். ஆனா செடி பச்சையா நிக்கிறதாலயே மரத்துக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) போயிராது, இலை உதிந்து, வேர் செத்து மட்கினாதான் போகும், அதனால பூ வர்ற நேரத்துல பாதி உயரத்துக்கு வெட்டி கன்னு அடியில போட்டுருங்க. ஒரு செடிய மண்ணோட தோண்டி வேர் முடிச்சை நகத்தால கீறிப் பாருங்க, உள்ள இளஞ்சிவப்பா இருந்தா காத்துல இருக்கிற தழைச்சத்தைப் பிடிக்கிற வேலை நடக்குது, வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா இல்ல. முடிச்சே இல்லன்னா அடுத்த விதைப்புக்கு அந்தப் பயிருக்கேத்த ரைசோபியம் (முடிச்சுல இருந்து அந்த வேலையைச் செய்யுற பாக்டீரியா) கலந்து விதைக்கணும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) கொறஞ்ச மண்ணுலயும் முடிச்சு சரியா வராது.

வேர்த்தடம்:
ரொம்ப நன்றிங்க. கோடையில தண்ணிக்குப் போட்டி வராதா? மரம் வளந்து நெழல் கட்டினா என்னாகும்?

மண்வாசி:
போட்டி வரும், கன்னைச் சுத்தி ஒரு மீட்டர் விட்டு விதைங்க, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வெட்டிப் பரப்பிட்டா செடி குடிக்கிற தண்ணியும் கொறையும். நெழல் வந்தா தானா மெலிஞ்சு போயிரும், போகட்டும், அதுக்குள்ள மரத்துச் சருகே தரைய மூட ஆரம்பிச்சிருக்கும்.

பச்சைத்துண்டு:
ஒண்ணு மட்டும், பக்கத்துல இயற்கைக் காடு இருந்தா வெளியூரு விதை எதையும் அந்த ஓரத்துல போடாதீங்க. ஐஸ்லாந்துல 1945ல அலாஸ்கா லூபின்ங்கிற பயறுவகைச் செடிய கொண்டாந்தாங்க, மொட்டை நெலம் பச்சையாச்சு, ஆனா பரவி அங்கயே இருந்த சின்னச் செடிங்களை நெருக்கிருச்சு. அந்த ஓரத்துக்கு அங்கயே காடா வளந்து கெடக்கிற கொழுஞ்சியில விதை எடுத்தா போதும்.