கலைச்சொல் தேவை: ஆன்டெனாவில் காசில்லாமல் வரும் சினிமா நெட்வொர்க்

கு.வே., தஞ்சாவூர்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கல்லூரி ஊடகவியல் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கத் தொலைக்காட்சி பற்றிய அத்தியாயத்தை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்கு அனுப்பியாக வேண்டும். அதில் ஒரு சொற்றொடர் வழிமறிக்கிறது: ‘ஃப்ரீ ஓவர்-தி-ஏர் மூவி நெட்வொர்க்’. எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது ‘மூவீஸ்!’. சிகாகோவின் வைகல் நிறுவனமும் ஃபாக்ஸ் தொலைக்காட்சி நிலையங்களும் சேர்ந்து 2013 மே 27 அன்று தொடங்கியது. நாள் முழுக்கப் பழைய படங்கள்தாம்.

‘இலவசத் திரைப்படச் சேனல்’ என்று எழுதினால் என்ன என்பீர்கள். வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் டிடி ஃப்ரீ டிஷ்ஷில் வரும் படச் சேனல்களை நினைத்துக்கொண்டார்கள். அங்கே செயற்கைக்கோள், தட்டு, செட்டாப் பெட்டி எல்லாம் உண்டு. இங்கே அவை எதுவும் கிடையாது. ஊரில் இருக்கும் கோபுரத்திலிருந்து அலை வருகிறது, வீட்டு ஆன்டெனா பிடிக்கிறது, அவ்வளவுதான். இதைவிட முக்கியம், ‘மூவீஸ்!’ஸுக்குச் சொந்தமாக ஒரு கோபுரமும் வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் 6 மெகாஹெர்ட்ஸ் அகல அலைக்கற்றை. 2009 ஜூன் 12 அன்று முழுத்திறன் நிலையங்கள் அனலாகை நிறுத்திவிட்டு டிஜிட்டலுக்கு மாறின. முன்பு ஒரே ஒரு நிகழ்ச்சி மட்டும் போன அந்த அகலத்தில் இப்போது நாலைந்து ஒளிபரப்புகள் போகும். 5.1, 5.2, 5.3 என்று எண் வருவது அதனால்தான். அப்படி மிஞ்சிய இடத்தை ஊருக்கு ஊர் ஒரு நிலையம் கொடுக்க, அங்கே குடியேறுகிறது இந்தச் சினிமா ஒளிபரப்பு. விளம்பர நேரத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள், பார்ப்பவர் காசு தர வேண்டாம்.

ஆக எனக்கு வேண்டிய சொல் நாலு செய்தியைத் தாங்க வேண்டும்: காசில்லை, ஆன்டெனா வழி, சினிமா மட்டும், பல நிலையங்கள் சேர்ந்த பின்னல்.

த.மு., கோவை

அன்பு கு.வே., ‘வளிவழிப் படவலை’. ஒன்பதே எழுத்து. வளி என்றால் காற்று, தூய தமிழ். ‘நெட்வொர்க்’குக்கு வலையமைப்பு, வலைப்பின்னல் என்று நீட்ட வேண்டியதில்லை, வலை போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘திரைப்படம்’ என்று நாம் சொல்லும் ‘திரை’க்குப் பழம்பாடல்களில் அலை என்றே முதற்பொருள். கடல் சுருண்டு எழுவது திரை. தோல் சுருங்குவதும் திரை, நரை திரை மூப்பு என்கிறோமே. சுருட்டி விரிக்கும் துணியும் திரை. மூன்றுக்கும் சுருளுதல்தான் வேர். அலையில் ஏறி வரும் சினிமாவுக்குத் ‘திரை’ என்ற சொல்லைவிடப் பொருத்தம் ஏது? ‘திரைவலை’ என்றே சொல்லலாம். அலையும் அதில் இருக்கிறது, சினிமாவும் இருக்கிறது. ஒரு சொல்லில் இரண்டு செய்தி வந்துவிட்டது.

மா.செ., மதுரை

த.மு. ஐயா, உங்கள் விளக்கம் படிக்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இரண்டாம் ஆண்டு மாணவன் ‘திரைவலை’யைப் பார்த்தால் கொசுவலையைத்தான் நினைப்பான். ‘வளி’யும் அப்படியே. வளிமண்டலம் தவிர வேறெங்கும் அவன் அந்தச் சொல்லைச் சந்திப்பதில்லை. கு.வே. கேட்டது தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்கான சொல். ‘தரைவழி’ என்று ஏற்கெனவே ஒரு வழக்கு இருக்கிறதே, தூர்தர்ஷன் கோபுரங்களைப் பற்றிப் பேசும்போது தரைவழி ஒளிபரப்பு என்றுதானே எழுதினோம்? அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சி.ப., ரொறன்ரோ

வணக்கம். ‘தரைவழி’யை என்னால் ஏற்க முடியவில்லை.

எண்பதுகளில் ரூபவாகினி எங்கெல்லாம் தெரிந்தது என்று நாகப்பட்டினம், இராமநாதபுரம் பக்கத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். கொழும்பில் 1982இல் தொடங்கிய ஒளிபரப்பு கடல் தாண்டி அங்கே போனது. நீண்ட மூங்கிலில் அன்ரெனாவைக் கட்டி, ஒருவர் கூரையில் நின்று திருப்ப, இன்னொருவர் முற்றத்தில் நிற்க, மூன்றாமவர் உள்ளேயிருந்து ‘போதும், போதும், கொஞ்சம் திரும்பவும் வா’ என்று கத்துவார். முற்றத்தில் நிற்பவர் அதைக் கூரைக்குக் கடத்துவார். படத்தில் மழை பெய்வதுபோல் புள்ளி விழுந்தாலும் பார்த்தார்கள். அந்த அலை தரைவழி வந்ததா? இங்கே ரொறன்ரோவிலும் அதே கதைதான். ஒன்ராறியோ ஏரிக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் பஃபலோ நகர நிலையங்கள். அன்ரெனாவைத் தெற்கே திருப்பினால் அவை ஏரியைக் கடந்து வந்து விழுகின்றன. காசும் இல்லை, கேபிளும் இல்லை.

‘வானலை’ என்று வையுங்கள். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது வீட்டுச் சொல். அறிவிப்பாளர்கள் வானலை என்று சொல்லிக் கேட்ட காது இது.

இ.க., சென்னை

மென்பொருள் தமிழாக்கம் செய்கிறவன் என்ற முறையில் ‘ஃப்ரீ’ பற்றி மட்டும். தயவுசெய்து ‘கட்டற்ற’ என்று யாரும் போட்டுவிடாதீர்கள். கட்டற்ற மென்பொருள் என்றால் சுதந்திரம், விலை பற்றிய பேச்சு அல்ல. அந்த வேறுபாட்டை நிலைநிறுத்தவே எங்களுக்குப் பல வருடம் பிடித்தது. இங்கே விலைதான் விஷயம். ‘விலையில்லா’ என்றால் மிக்சி, கிரைண்டர் ஞாபகம் வந்து அரசுத் திட்டம் என்று தோன்றும். ‘கட்டணமில்லா’ தொலைபேசி எண்ணிலேயே பழகிவிட்டது, அது போதும்.

அப்புறம், ஓடிடியோடு குழம்பாமல் இருக்கவும் ‘வானலை’ உதவும். ஒன்று இணையவழி, மற்றது வானலைவழி.

த.மு., கோவை

வானலை என்ற சொல்லில் எனக்குக் குறையில்லை. ஆனால் வான் + அலை வரை போனவர்கள் இன்னும் ஓரடி வைக்கலாமே. ஒலி வானில் வந்தால் வானொலி. ஒளி வானில் வந்தால்? வானொளி! ஆகாசவாணியை வானொலியாக்க நம் முன்னோர் எவ்வளவு பாடுபட்டார்கள்! அதற்கு இணையான சொல் நம் கையருகே கிடக்கிறது. ‘வானொளிப் படவலை’ என்று சொல்லிப் பாருங்கள்.

மா.செ., மதுரை

ஐயா, சொல்லித்தான் பார்க்கிறேன். வகுப்பில் நான் ‘வானொளி’ என்றால் பாதிப் பேர் ரேடியோ என்று எழுதுவார்கள். ஒலிபரப்பு, ஒளிபரப்பு இரண்டிலேயே லகர ளகரம் படும் பாடு போதாதா? விடைத்தாளில் திருத்தித் திருத்திக் கை ஓய்ந்துவிட்டது. காதால் பிரித்தறிய முடியாத இரண்டு சொற்களை ஒரே பாடத்தில் வைக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

த.மு., கோவை

ளகரத்தை உச்சரிக்கக் கற்றுக்கொடுப்பது ஆசிரியர் வேலை. நாக்கு சோம்பல்படுகிறது என்று மொழி தன் எழுத்தை இழக்க வேண்டுமா? இன்று ளகரம், நாளை ழகரம்.

சி.ப., ரொறன்ரோ

இந்த விவாதத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம், நானும் கட்டாயம் வருவேன். இப்போது ‘நெட்வொர்க்’கைக் கவனியுங்கள், அது இன்னும் தீரவில்லை. பிரித்தானியாவின் ‘ஃபிலிம்4’ஐ எடுங்கள். 1998இல் சந்தாக் கட்டி பார்க்கும் அலைவரிசையாகத் தொடங்கி, 2006 ஜூலையில் ஃப்ரீவியூ என்ற அந்நாட்டுக் கட்டணமில்லா அன்ரெனாச் சேவையில் இலவசமாகியது. அதுவும் அன்ரெனாவில் வருகிற சினிமாதான். ஆனால் அது நாடு முழுவதற்கும் ஒரே அலைவரிசை. ஊர் ஊராக நிலையங்களோடு ஒப்பந்தம் போட்டுப் பின்னப்பட்டதல்ல. அதை ‘வானலைத் திரைப்பட அலைவரிசை’ என்று சொல்ல வேண்டும், ‘மூவீஸ்!’ போன்றதை ‘வலையமைப்பு’ என்று சொல்ல வேண்டும். தமிழில் நிலையம், அலைவரிசை, வலையமைப்பு மூன்றையும் ‘சேனல்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவைத்திருக்கிறோம். பாடநூலாவது பிரித்துக் காட்டட்டும்.

இ.க., சென்னை

சி.ப. அண்ணா சொல்வது சரி. கணினித் துறையில் நாங்கள் ‘பிணையம்’ என்போம், ஆனால் தொலைக்காட்சிக்கு அது ஒட்டவில்லை. பிணை என்றதும் ஜாமீன் நினைவு வரும். வலையமைப்பே இருக்கட்டும்.

‘ஃபீச்சர் ஃபிலிம்’ என்ற அழுத்தம் மூலத்தில் இருந்தால் ‘முழுநீளத் திரைப்படம்’ என்று உடற்பகுதியில் விளக்கிவிடலாம். சொல்லுக்குள் திணிக்க வேண்டாம்.

கு.வே., தஞ்சாவூர்

அனைவருக்கும் நன்றி. இன்று மாலை கோப்பு போகிறது. ‘கட்டணமில்லா வானலைத் திரைப்பட வலையமைப்பு’ என்று முதல் இடத்தில் முழுசாகவும், அதன்பின் ‘திரைப்பட வலையமைப்பு’ என்றும் வைத்திருக்கிறேன். துணை எண்களில் வருபவை ‘துணை அலைவரிசை’. இந்தச் சொல்வரிசையில் ஒரு வசதியும் உண்டு. ‘கட்டணமில்லாத் திரைப்பட’ என்று வந்திருந்தால் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்துக்கு ஒற்று மிகுவிக்க வேண்டும், பிழைதிருத்துநர் அதை நீக்கிவிடுவார், நான் மறுபடி சேர்ப்பேன். வகரம் வந்ததால் அந்தச் சண்டை இல்லை.

‘மூவீஸ்!’ பெயரிலுள்ள உணர்ச்சிக்குறியை அப்படியே விட்டிருக்கிறேன், அது அவர்கள் வைத்த பெயர். வேற்றுமை உருபு சேர்க்கும் இடங்களில் மட்டும் ‘மூவீஸ்! ஒளிபரப்பில்’ என்று ஒரு சொல் கூட்டி எழுதினேன்.

த.மு., கோவை

பதினெட்டு எழுத்தைத் தாண்டும் ஒரு தொடரைக் கலைச்சொல் என்று ஏற்க என் மனம் இடம் தரவில்லை. அது விளக்கம். விளக்கத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளை நாளைக்கு ‘மூவி நெட்வொர்க்’ என்றுதான் வாயால் சொல்லும், ஏனென்றால் அது சின்னது. பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் அடுத்த பதிப்பின்போது ‘படவலை’யை மீண்டும் எடுத்துவருவேன். குறைந்தது சொல்லடைவில் அடைப்புக்குள்ளாவது போடுங்கள், கு.வே.

கு.வே., தஞ்சாவூர்

சொல்லடைவு நேற்றே அச்சகத்துக்குப் போய்விட்டது, ஐயா. மெய்ப்பு திரும்பி வரும்போது ஒரு வரி சேர்க்க இடமிருக்கிறதா என்று கேட்கிறேன்.

மா.செ., மதுரை

சேர்ப்பதானால் ‘படவலை’யைச் சேருங்கள், எனக்கும் சம்மதம். ‘வானொளி’ மட்டும் வேண்டாம்.