போக இரண்டரை மணி நேரம், வர மூன்று மணி நேரம். வேலையை விடவா?

கம்பத்துத் தம்பி
அண்ணன், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. நாலரைக்கு எழுந்து ஐந்தேகாலுக்கு ஸ்டாப்பில் நிற்கிறேன். பஸ், மெட்ரோ, மறுபடியும் பஸ். எட்டு மணிக்குப் பஞ்ச் வைக்க வேண்டும். இந்த வாரம் இரண்டு நாள் லேட், கையில் வார்னிங் லெட்டர் கொடுத்துவிட்டார்கள். நேற்று வரும்போது நின்றபடியே தூங்கி, இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டேன். நாளைக்கு மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார். ராஜினாமா கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாமா? இன்றைக்குள் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை, இப்போது கனடா
தம்பி, பனி கொட்டுவதற்குள் செகண்ட் ஹேண்டில் ஒரு கார் எடுத்துவிடு. நான் வந்த புதிதில் பிராம்ப்டனில் வீடு, ஸ்கார்பரோவில் வேலை. மைனஸ் இருபதில் ஸ்டாப்பில் நின்றிருக்கிறேன், மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அப்போது ஊர் மாறினால் இன்னொரு டிக்கெட். 2024 பிப்ரவரிக்குப் பிறகு வந்தவர்களுக்கு ஒரே கட்டணத்தில் மாறிப் போகலாம், கொடுத்து வைத்தவர்கள்.

கூடலூர் அக்கா
அவன் கனடா என்று எங்கே சொன்னான்? தம்பி, எந்த நாடு, எந்த ஊர் என்று முதலில் சொல். அப்புறம், நம் கம்பம் கூடலூர்க்காரனுக்கு இது புதிதா? என் அம்மா இருபது வருஷம் ஏலத்தோட்ட வேலைக்குப் போனார். விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப், ஒரே வண்டியில் பதினைந்து பேர், குமுளி தாண்டி மேலே. இருட்டித்தான் வீடு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை வந்து பாதையை அடைத்தபோதுதான் அம்மா பகல் வெளிச்சத்தில் வீட்டில் இருந்ததைப் பார்த்தேன். கூலி போன கவலை அவருக்கு. எனக்கோ சந்தோஷம், சின்னப் பிள்ளை.

கம்பத்துத் தம்பி
மன்னியுங்கள் அக்கா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். இருப்பது ஷார்ஜா, வேலை ஜெபல் அலி.

போடிமெட்டு
அப்படிச் சொல்லு. ஷார்ஜாவில் படுத்து ஜெபல் அலியில் வேலை என்றால் துபாயை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை தினமும் அளக்கிறாய். கார் லிஃப்ட் பிடி. மாசத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டால் வாசலில் ஏற்றி வாசலில் இறக்குவான். நான் மூன்று வருஷம் அப்படித்தான் போனேன்.

செங்கோட்டை மாமா
தெரியாத பிள்ளைக்குத் தப்பாக வழி காட்டாதே. லைசென்ஸ் இல்லாமல் காசுக்கு ஆள் ஏற்றுவது இங்கே குற்றம். என் வண்டிக்காரர் ஒருநாள் மாட்டிக்கொண்டார், நாங்கள் நாலு பேரும் நடு ரோட்டில் நின்றோம். அன்றைக்கும் லேட்தான். காருக்குள் இருந்தால் மட்டும் நெரிசல் வழி விடுமா? மீட்டர் கேஜ் ரயிலை 2010ல் நிறுத்தி 2018ல் அகலப் பாதை விடுகிற வரை செங்கோட்டைக்கும் புனலூருக்கும் பஸ்ஸில் தொங்கியவன் நான். அதுகூட நகர்ந்தது.

போடிமெட்டு
மாமா ரயில் கதையை ஆரம்பித்துவிட்டார். எல்லாரும் உட்காருங்கள்.

தேனிக்காரி, துபாய்
நெரிசலைச் சொல்கிறீர்கள், துபாய் ரோட்டில் சாலிக் என்று வாங்குகிற சுங்கம் மட்டும் என்ன? 2025லிருந்து காலை ஆறு முதல் பத்து வரை, சாயங்காலம் நாலு முதல் எட்டு வரை கேட்டுக்கு ஆறு திர்ஹம். சம்பளம் அதேதான். வாடகைக்குப் பயந்துதானே பாதிப் பேர் ஷார்ஜாவில் கிடக்கிறோம்.

செங்கோட்டை மாமா
2024 ஏப்ரல் 16 மழையை மறந்துவிட்டாயா? எங்கள் தெருவில் தண்ணீர் வடிய எத்தனை நாள் ஆனது! எங்கள் கம்பெனி அன்றைக்கும் லீவ் போட்டது என் கணக்கில்.

கூடலூர் அக்கா
சரி, போதும். பையனுக்கு நாளைக்கு மீட்டிங். தம்பி, மூன்று கேள்வி. ப்ரொபேஷனா? தங்குகிற இடம் கம்பெனி கொடுத்ததா? ஷார்ஜாவை விட முடியாத காரணம் என்ன?

கம்பத்துத் தம்பி
ப்ரொபேஷன்தான் அக்கா, ஆறு மாதம். சம்பளத்திலேயே வீட்டு அலவன்ஸ் சேர்த்துக் கொடுக்கிறார்கள். தங்குவது சித்தி வீட்டில். வாடகை வாங்குவதில்லை. அதனால்தான் வேறு இடம் பார்க்க வாய் வரவில்லை.

கூடலூர் அக்கா
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நாளைக்கு ராஜினாமா என்ற வார்த்தையே எடுக்காதே. ப்ரொபேஷனில் இங்கேயே வேறு கம்பெனிக்கு மாறினால் ஒரு மாதம் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். உன்னைக் கொண்டுவந்த செலவைப் புதிய கம்பெனியிடம் கேட்கவும் இவர்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. அப்படி ஓர் ஆளை எவன் எடுப்பான்? ஊருக்கே திரும்புவது என்றாலும் பதினான்கு நாள் நோட்டீஸ்.

போய் வருகிற நேரம் வேலை நேரத்தில் சேராது, அதைப் பேசி ஜெயிக்க முடியாது. அவர்கள் வண்டியே விபத்திலோ பழுதிலோ நின்றால் கதை வேறு, நீ போவது பஸ்ஸில். லேட்டானதை ஒத்துக்கொள். பத்து நாளுக்குள் பக்கத்தில் குடிவருகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு விஷயம் கேள். அதுவரை ஒன்பதிலிருந்து ஆறு என்று ஷிப்டை மாற்ற முடியுமா? கம்பெனி வண்டி எந்த மெட்ரோ ஸ்டேஷன் பக்கமாவது வருகிறதா?

தேனிக்காரி, துபாய்
டிஸ்கவரி கார்டன்ஸில் பெட் ஸ்பேஸ் பார், அதாவது பலர் தங்கும் ரூமில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு. 2021லிருந்து அங்கே மெட்ரோ இருக்கிறது, ஜெபல் அலி பக்கம். இப்போது யூனியன் மெட்ரோ ஸ்டேஷனில் ஏறி அந்தக் கோடிக்கு ஒரு தடவை ஏழரை, போக வரப் பதினைந்து. 26 நாளைக்கு 390 திர்ஹம், ஷார்ஜா பஸ் தனி. அங்கே போகும் வரையாவது 350க்கு மாதப் பாஸ் எடு. பெட் ஸ்பேஸ் பேசும்போது உன் பெயரைப் பதிவு செய்வார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடு. ஒரு ரூமில் எத்தனை பேர் என்று நேரில் போய் எண்ணிப் பார், போட்டோவை நம்பாதே. ஞாயிற்றுக்கிழமை டியூட்டி உண்டா? அன்றைக்கு மெட்ரோ எட்டு மணிக்குத்தான் ஓட ஆரம்பிக்கும்.

கம்பத்துத் தம்பி
ஞாயிறு லீவ்தான் அக்கா. ஆனால் சித்தியிடம் எப்படிச் சொல்வது? கோபித்துக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டுவிடுவார்.

கூடலூர் அக்கா
போகிறேன் என்று சொல்லாதே. வாரக் கடைசியில் வந்துவிடுகிறேன் சித்தி, பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்று சொல். நிஜமாகவே ஒரு பெட்டியை அங்கே வைத்துவிட்டுப் போ.