லைஃப்ராஃப்ட் ஹெச்.ஆர்.யூ. (கப்பல் மூழ்கினால் ராஃப்டைத் தானாக விடுவிக்கும் கருவி) மாட்டும்போது பெயின்டர் (ராஃப்டைக் கப்பலோடு பிணைக்கும் கயிறு) எங்கே போகணும்?

செம்பூர்_டெக்:
மும்பை ஆங்கரேஜில் நிற்கிற சப்ளை கப்பல், சர்வே நெருங்குகிறது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 25 பேர் லைஃப்ராஃப்ட் (டப்பாவில் மடித்து வைத்த, ஊதி மிதக்கும் உயிர்காப்பு மிதவை). இரண்டும் வருடாந்திர சர்வீஸ் முடிந்து கிரேடிலில் (டப்பா உட்காரும் தாங்கி) ஏறிவிட்டன. ஹெச்.ஆர்.யூ. ஹம்மர் ஹெச்20. காலாவதி அடுத்த மாதம் என்பதால் புதிது வாங்க வேண்டும். பழைய கட்டைப் பார்த்தால் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக இருக்கிறது. இடது பக்கத்தில் பெயின்டரை ஷாக்கிள் போட்டு நேராகக் கிரேடிலில் மாட்டியிருக்கிறார்கள், வலது பக்கத்தில் சிவப்பு வளையத்தில். எது சரி? மழைக்காலத்துக்கென்று ராஃப்ட் மேல் குறுக்கே கூடுதலாக ஒரு கயிறும் கட்டியிருக்கிறது, அதை அப்படியே விடலாமா? மஸ்ஜித் பந்தர் பக்கம் ஹெச்.ஆர்.யூ. வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?

மஜ்காவ்_மேட்:
வலது பக்கம்தான் சரி. இடது பக்கத்தை சர்வே வரை விட்டுவைக்காதீர்கள் தம்பி, இன்றைக்கே மாற்றுங்கள்.

மூழ்கும்போது என்ன நடக்கும் என்று வரிசையாகப் பாருங்கள். ஹெச்20 தண்ணீருக்குள் 1.5 முதல் 4 மீட்டர் ஆழத்தில் நீரழுத்தத்தால் வேலை செய்யும், உள்ளே இருக்கும் கத்தி யூனிட்டின் வெள்ளைக் கயிற்றை அறுக்கும். லேஷிங் (ராஃப்டைக் கட்டிப் பிடித்திருக்கும் பட்டை) விடுபட்டு ராஃப்ட் மேலே மிதந்து வரும். கப்பல் கீழே போகப்போக பெயின்டர் டப்பாவிலிருந்து உருவிக்கொண்டே வரும், முழு நீளமும் வந்த பிறகு விழுகிற இழுப்பில் காஸ் சிலிண்டர் திறந்து ராஃப்ட் ஊதும். இதற்குப் பிறகும் கப்பல் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அந்த நேரத்தில் அறுந்துபோவதற்காகத்தான் சிவப்பு வீக் லிங்க் (வேண்டுமென்றே பலம் குறைத்த இணைப்பு, அந்தச் சிவப்பு வளையம்). அது 2.2 கிலோநியூட்டனில், 0.4 கூடவோ குறையவோ, அறுந்துவிடும். கிலோ கணக்கில் சுமார் 220. பெயின்டரோ 9 முதல் 25 பேர் ராஃப்டில் குறைந்தது 10 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்பது விதி. அதை நேராகக் கிரேடிலில் மாட்டினால் வழியில் அறுவதற்கு எதுவுமே இல்லை, ஊதிய ராஃப்டை கப்பல் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும்.

இதற்கு நேர் எதிரான தப்பும் நிறையக் கப்பல்களில் உண்டு. பெயின்டரை ஸ்லிப் ஹூக்கிலோ (தட்டினால் கழலும் கொக்கி), வெள்ளைக் கயிற்றின் மேல் வளையத்திலோ மாட்டிவிடுவார்கள். கத்தி அறுத்ததும் பெயின்டரும் சேர்ந்து விடுபட்டுவிடும். ராஃப்ட் மிதக்கும், ஆனால் இழுக்க ஆள் இல்லாததால் ஊதாது. மூடிய டப்பாவாகவே மிதந்து போய்விடும்.

மாட்டும் முறை: வெள்ளைக் கயிற்றின் கீழ் முனை டெக்கில் இருக்கும் ஸ்ட்ராங் பாயிண்டில் (அசையாத உறுதியான பிடிமானம்). மேல் வளையத்தில் ஸ்லிப் ஹூக், அந்த ஹூக்கில் லேஷிங் பட்டை. சிவப்பு வீக் லிங்கும் கீழே அதே ஸ்ட்ராங் பாயிண்டோடு நிற்கும், அதன் மறுமுனை வளையத்தில் ஷாக்கிள் போட்டு பெயின்டர். டப்பாவிலிருந்து பெயின்டரை அந்த ஷாக்கிளுக்கு எட்டுகிற அளவு மட்டும் வெளியே எடுங்கள். மிச்சத்தை இழுத்து வெளியே சுருட்டி வைத்தால் வெயிலில் கயிறு கெடும், அதைவிட மோசம், தவறுதலாக சிலிண்டர் திறக்கும். மாட்டி முடித்ததும் லேபிளில் காலாவதி மாதமும் வருடமும் குறியுங்கள், மாட்டிய மாதத்திலிருந்து இரண்டு வருடம். குறிக்காத யூனிட்டை சர்வேயர் காலாவதியானதாகவே எடுத்துக்கொள்வார்.

குறுக்குக் கயிறை அவிழ்த்துவிடுங்கள். ஜூனில் காற்று ஏறியதும் போசன் (டெக் ஆட்களின் தலைவர்) நல்லெண்ணத்தோடுதான் கட்டுகிறார், ஆனால் ஹெச்.ஆர்.யூ. வழியாகப் போகாத ஒரே ஒரு கட்டு இருந்தாலும் மொத்த ஏற்பாடும் வீண். ராஃப்ட் ஆடுகிறது என்றால் பட்டையின் நீளத்தைச் சரி செய்யுங்கள். ராஃப்டுக்கு நேர் மேலே தார்ப்பாய்ச் சட்டம், வயர், பைப் எதுவும் குறுக்கே போகக் கூடாது. யூனிட் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். ஸ்லிப் ஹூக்குக்கு கிரீஸ் போதும், பெயின்ட் அடித்தால் பின் இறுகிவிடும்.

பேலாப்பூர்_சூப்பரின்டென்டென்ட்:
சர்வீஸ் ஸ்டேஷன் ராஃப்டைத்தான் பார்க்கும், கப்பலில் மாட்டுவது பெரும்பாலும் டெக் ஆட்கள்தான். அதனால் சர்டிபிகேட் சுத்தமாக இருந்தும் கட்டு தப்பாக இருக்கும். ராஃப்ட் திரும்பி ஏறிய அன்றே ஒரு போட்டோ எடுத்து கோப்பில் வையுங்கள். டப்பா சரியாக உட்கார்ந்திருக்கிறதா, வடிகால் ஓட்டை அடிப்பக்கம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வாங்குவது பற்றி: மும்பை தாருகானாவில், கப்பல் உடைக்கும் அலாங்கிலிருந்து வந்த கழிவுக் கப்பல் சாமான் எல்லாம் கிடைக்கும். ஷாக்கிள், கொக்கி வாங்குங்கள், ஹெச்.ஆர்.யூ.வும் ராஃப்டும் அங்கே வேண்டாம். லேபிளில் ஏற்கெனவே குறித்திருந்தால், வெள்ளைக் கயிறில் வளைந்த தழும்பு இருந்தால், சீரியல் நம்பர் சர்டிபிகேட்டோடு ஒத்துப்போகாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆர்டரில் ‘லைஃப்ராஃப்டுக்கு’ என்று தெளிவாக எழுதுங்கள். ஈபர்பு (ஆபத்து சிக்னல் அனுப்பும் கருவி) கூட்டுக்குள் போகும் ஹெச்20 வேறு, அது பிளாஸ்டிக் போல்ட்டை அறுப்பது. இரண்டையும் மாற்றி அனுப்பிவிடுவது சகஜம்.

திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் இரும்பு வகை ஹெச்.ஆர்.யூ. கப்பலில் இருந்தால் அதற்கு இரண்டு வருடக் கணக்கு கிடையாது. ராஃப்டைப் போலவே 12 மாதத்துக்கு ஒரு முறை சர்வீஸ், முடியாத சூழ்நிலையில் 17 மாதம் வரை நீட்டிப்பு. ராஃப்ட் சர்டிபிகேட்டில் இன்னொன்றும் பாருங்கள்: காஸ் ஊதல் சோதனை 5 வருடத்துக்கு ஒரு முறை, 10 வயது தாண்டிய ராஃப்டுக்கு கூடுதல் அழுத்தச் சோதனை வருடா வருடம். ராஃப்ட் பழையதாக இருந்து அந்த வரி காலியாக இருந்தால் ஸ்டேஷனிடம் கேளுங்கள்.

வாஷி_பல்க்:
நடுவில் ஒரு கேள்வி. எங்கள் பல்க் கேரியரில் முன்னால் இருக்கும் 6 பேர் ராஃப்டுக்கு ஹெச்.ஆர்.யூ. இல்லை, வெறும் ஸ்லிப் ஹூக்தான். பி.எஸ்.சி. (துறைமுக நாட்டின் கப்பல் ஆய்வு) குறை எழுதுமா? கையால் வீசும்போது பெயின்டர் வீக் லிங்கிலேயே இருந்தால் போதுமா?

மஜ்காவ்_மேட்:
அதற்குக் குறை எழுத முடியாது. கப்பலின் முனைக்கும் அதற்கு மிக அருகிலுள்ள மற்ற ராஃப்ட் அல்லது லைஃப்போட்டுக்கும் 100 மீட்டருக்கு மேல் தூரம் இருந்தால் முன்னால் வைக்கும் அந்த ராஃப்டை, கையால் அவிழ்க்கும்படி கட்டினால் போதும் என்று சோலாஸ் (கடல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) மூன்றாம் அத்தியாயம் 31ஆவது விதியே அனுமதிக்கிறது. ஆனால் அந்த இடத்தில் இரண்டு லைஃப் ஜாக்கெட், இரண்டு இம்மர்ஷன் சூட் (குளிர்ந்த நீரில் உடலைக் காக்கும் உடை), இறங்க ஏணி, வெளிச்சம் இருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள். பெரும்பாலும் குறை விழுவது விளக்கு எரியாததற்குத்தான்.

கையால் வீசும்போது, அலை இருந்தால் வீக் லிங்கின் 220 கிலோவை நம்பாதீர்கள் சார். முதலில் பெயின்டரை கயிறு கட்டும் ஒரு நல்ல பொல்லார்டிலோ கிளீட்டிலோ கட்டிவிட்டு, பிறகு ஸ்லிப் ஹூக்கைத் தட்டி, கீழே தண்ணீரில் யாரும் இல்லை என்று பார்த்து வீசுங்கள். ஆட்கள் ஏறி முடித்ததும் ராஃப்டுக்குள் இருக்கும் கத்தியால் பெயின்டரை அறுத்துவிட வேண்டும்.